முதுமையின் நினைவு எங்கே தொடங்குகிறது?

வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடினாலோ, கேட்ட கேள்வியையே மீண்டும் கேட்டாலோ, "வயது போய்விட்டது, இனி அப்படித்தான்" என்று சொல்லி அத்துடன் விட்டுவிடுவது எம்மிடையே வழமையாகிவிட்டது. இந்த ஒரு வசனத்துக்குள் இரண்டு தவறான எண்ணங்கள் மறைந்திருக்கின்றன. மறதிக்கு வயது மாத்திரமே காரணம் என்பது ஒன்று. அதற்கு எதுவுமே செய்ய இயலாது என்பது மற்றொன்று. இதற்கு நேர்மாறாக, குறிப்பிட்ட ஒரு கீரையை உண்டால், ஒரு கொட்டையை மென்றால், நாள்தோறும் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்பினால் நினைவு அப்படியே நிலைத்திருக்கும் என்று நம்புவோரும் எம்மிடையே உள்ளனர்.

உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. ஒருவரது முதுமைக்கால நினைவு அவர் முதுமை அடைந்த பின்னர் உருவாவதில்லை. அவர் பிறந்த சூழல், பெற்ற கல்வி, செய்த தொழில், நடுவயதில் உடலைப் பேணிய விதம், இறுதிக் காலத்தில் அவரைச் சூழ்ந்திருப்போர் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் எது எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. எனினும், சில நாடுகளில் பல தசாப்தங்களாக நடைபெற்றுவரும் ஆய்வுகள் இதில் கணிசமான தெளிவைத் தந்துள்ளன. அவற்றுள் ஸ்கொட்லாந்தில் நடைபெறும் ஆய்வு தனிச்சிறப்பு வாய்ந்தது.

ஸ்கொட்லாந்தின் பதினொரு வயதுப் பிள்ளைகள்

1932ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாம் திகதி, 1921ஆம் ஆண்டில் பிறந்து ஸ்கொட்லாந்துப் பாடசாலைகளில் பயின்றுகொண்டிருந்த பிள்ளைகள் அனைவரும் ஒரே நாளில் ஒரே பரீட்சைக்குத் தோற்றினர். அவர்களின் எண்ணிக்கை 87,498. சிந்திக்கும் ஆற்றலை அளவிடும் அப்பரீட்சை 45 நிமிடங்கள் கொண்டது. பின்னர் 1947ஆம் ஆண்டில், 1936இல் பிறந்த 70,805 பிள்ளைகள் அதே பரீட்சைக்குத் தோற்றினர். ஒரு நாட்டில் ஒரே ஆண்டில் பிறந்த ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளினதும் அறிதிறனை இவ்வாறு அளந்து பதிவு செய்தமை உலகில் வேறெங்கும் காணக்கிடைக்காத ஒன்றாகும்.

அந்தப் பதிவேடுகள் பல தசாப்தங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1990களின் பிற்பகுதியில் இயன் டியரி, லோரன்ஸ் வோலி ஆகிய ஆய்வாளர்கள் அவற்றின் பெறுமதியை உணர்ந்தனர். பதினொரு வயதில் பரீட்சை எழுதியவர்களில் 101 பேரைத் தேடிப் பிடித்து, 77 வயதில் அதே பரீட்சையை மீண்டும் எழுத வைத்தனர். அறுபத்தாறு ஆண்டுகள் இடையில் கடந்திருந்தன. அவர்களில் பலர் இரண்டாம் உலகப் போரைக் கண்டவர்கள், பிள்ளைகளை வளர்த்தவர்கள், தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர்கள்.

பெறுபேறுகள் இரண்டு விடயங்களை உணர்த்தின. முதலாவது, சராசரியாக நோக்கும்போது அந்த முதியவர்கள் தாம் பிள்ளைகளாக இருந்தபோது பெற்றதை விடக் கூடுதலான புள்ளிகளைப் பெற்றனர். முதுமை என்றாலே அறிவு மங்கிவிடும் என்ற எண்ணத்துக்கு இது மாறானது. இரண்டாவது, பதினொரு வயதில் முன்னணியில் நின்றவர்களே பெரும்பாலும் 77 வயதிலும் முன்னணியில் நின்றனர். இவ்வாறான ஆய்வுகளின் அடிப்படையில், முதுமையில் மனிதர்களுக்கிடையே காணப்படும் அறிதிறன் வேறுபாட்டின் ஏறக்குறைய அரைப்பங்கு, பதினொரு வயதிலேயே காணப்பட்ட வேறுபாட்டின் தொடர்ச்சி என டியரியும் அவரது குழுவினரும் கணித்தனர். இளமையிற் கல்வி சிலையில் எழுத்து என்று எம்மவர் கூறிவந்தது இதனோடு ஒத்துப்போகிறது.

அப்படியாயின் எஞ்சிய அரைப்பங்கு எங்கிருந்து வருகிறது? வாழ்க்கை முறைக்கும் சூழலுக்கும் உடல்நலத்துக்கும் இடமுள்ளது அங்கேதான். இதனை ஆராய்வதற்காக, 1936இல் பிறந்தவர்களில் எடின்பரோ நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 1,091 பேரை எடின்பரோ பல்கலைக்கழகம் 2004ஆம் ஆண்டு முதல் 2007ஆம் ஆண்டு வரையான காலத்தில் ஒன்றுதிரட்டியது. அப்போது அவர்களுக்கு வயது 70 அளவில் இருந்தது. அதன் பின்னர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை அவர்களது நினைவாற்றல், சிந்திக்கும் வேகம், இரத்தம், மூளையின் அமைப்பு ஆகியன பரிசோதிக்கப்பட்டு வந்தன.

கோப்பி கற்பித்த பாடம்

இந்த ஆய்வின் சிறப்பு, ஒருவர் சிறுவராக இருந்தபோது எந்நிலையில் இருந்தார் என்ற பதிவு கையில் இருப்பதேயாகும். அதன் அவசியத்தை விளக்க ஓர் உதாரணம் போதுமானது. 70 வயதில் கோப்பி முதலான கஃபீன் அடங்கிய பானங்களைக் கூடுதலாக அருந்துவோர் சில அறிதிறன் பரிசோதனைகளில் சற்றுக் கூடுதலான புள்ளிகளைப் பெற்றமை தெரியவந்தது. இத்துடன் நிறுத்தியிருந்தால், கோப்பி நினைவைக் காக்கிறது என்று மறுநாள் பத்திரிகைகளில் செய்தி வந்திருக்கும். ஆனால் ஆய்வாளர்கள் அவர்களது பதினொரு வயதுப் புள்ளிகளையும் சமூகப் பின்னணியையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்தத் தொடர்பு பெரும்பாலும் மறைந்து போயிற்று. கோப்பி அவர்களுக்கு அறிவைத் தரவில்லை. சிறுவயதிலேயே கூடிய அறிதிறன் உடையவர்களாகவும் வசதி வாய்ந்தவர்களாகவும் இருந்தோரிடம் கோப்பி அருந்தும் பழக்கம் கூடுதலாக இருந்தது என்பதே உண்மை.

முதுமையில் மூளைக்கு நல்லது என்று நாள்தோறும் பிரசாரம் செய்யப்படும் பல பொருட்களை நோக்கும்போது இந்தப் பாடத்தை நாம் மனதிற் கொள்ள வேண்டும். புத்தகம் வாசிக்கும் முதியவர்களுக்கு நினைவு நன்றாக இருக்கிறது என்றால், வாசிப்பு நினைவைக் காத்ததா அல்லது நினைவு நன்றாக இருப்பதால் அவர்கள் வாசிக்கிறார்களா என்று கேட்க வேண்டியுள்ளது. விலையுயர்ந்த எண்ணெய்யும் பழமும் உண்பவர்கள் நலமாக இருந்தால், அவ்வுணவு காரணமா, அதனை வாங்கும் வசதியும் அவ்வசதியோடு வந்த கல்வியும் வைத்திய வசதியும் காரணமா என்பதும் அவ்வாறானதே.

இத்தகைய கடுமையான கணக்கெடுப்புக்குப் பின்னரும் நிலைத்து நின்ற சில தொடர்புகள் உள்ளன. 73 வயதில் மூளையைப் படம்பிடித்து ஆராய்ந்த 638 பேரில், உடலுழைப்பில் கூடுதலாக ஈடுபட்டதாகக் கூறியோரின் மூளை சுருங்கிய அளவு குறைவாக இருந்தது. புகைத்தலின் பாதிப்பும் தெளிவாகத் தெரிந்தது. புகைப்பவர்களது மூளையின் மேற்படலம் மெலிந்திருந்தது. புகைப்பதைக் கைவிட்டு நீண்டகாலம் கடந்தோரிடம் அப்பாதிப்பு ஓரளவு குறைவாகக் காணப்பட்டது. இவை ஒவ்வொன்றினதும் பங்கு சிறியது. மந்திர மருந்து எதுவுமில்லை, சிறுசிறு நன்மைகள் பல சேர்ந்தே பயன் தருகின்றன என்பது இவ்வாய்வுக் குழுவினரின் நிலைப்பாடாகும்.

இரண்டாவது மொழி

எம் போன்ற சமூகங்களுக்கு மிக நெருக்கமான ஒரு முடிவும் இதே ஆய்வில் இருந்து 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1947இல் பரீட்சை எழுதி, எழுபது வயதைக் கடந்த பின்னர் மீண்டும் பரிசோதிக்கப்பட்ட 853 பேரில் 262 பேர் ஆங்கிலத்தோடு மேலும் ஒரு மொழியேனும் அறிந்திருந்தனர். சிறுவயதுப் புள்ளிகளைக் கொண்டு அவர்கள் முதுமையில் எவ்வாறு இருப்பார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டதோ, அதனை விடச் சிறந்த நிலையில் அவர்கள் இருந்தனர். இவர்களுள் ஒரு பகுதியினர் இரண்டாவது மொழியை 18 வயதுக்குப் பின்னரே கற்றவர்கள். அவர்களுக்கும் அந்தப் பயன் கிடைத்திருந்தது.

இதற்கு முந்திய ஆண்டில் இந்தியாவின் ஹைதராபாத்தில் இருந்து வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்கு உள்ளான 648 நோயாளர்களின் விபரங்களைச் சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் நிபுணரும் அவரது குழுவினரும் ஆராய்ந்தனர். ஒரு மொழியை மாத்திரம் பேசியோரை விட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகளைப் பேசியோருக்கு நோய் சராசரியாக நான்கரை ஆண்டுகள் பிந்தியே தோன்றியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. ஆகவே இதனைப் பாடசாலைக் கல்வியின் பயன் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. எனினும் வேறு சில நாடுகளின் ஆய்வுகளில் இத்தகைய பயன் தென்படவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். சந்தையில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று நாள்தோறும் மாறிமாறிப் பேசும் சமூகங்களில் இதன் பயன் கூடுதலாக இருக்கக்கூடும்.

தமிழும் சிங்களமும் பேசி வியாபாரம் செய்யும் முஸ்லிம் வணிகரும், தோட்டத்திலும் நகரிலும் இரு மொழிகளிலும் புழங்கும் மலையகத் தொழிலாளியும் தாம் ஒரு பெரிய திறமையைக் கொண்டிருப்பதாக எண்ணுவதில்லை. பாடசாலையிற் பெறாத ஒரு பயிற்சியை அவர்களது அன்றாட வாழ்க்கை அவர்களுக்கு வழங்கியிருக்கலாம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று சோர்ந்திருப்போருக்கும், வயது வந்த பின்னர் மொழி கற்ற அந்த ஸ்கொட்லாந்து முதியவர்கள் ஓர் பதிலாவர்.

ஒரே வாழ்க்கை, வெவ்வேறு முதுமை

வாழ்க்கை முறை எல்லோருக்கும் ஒன்றாக அமைந்தால் முதுமையும் ஒன்றாக அமையுமா? இதற்கு விடை காண உதவியது அமெரிக்காவில் அருட்சகோதரிகளிடையே நடைபெற்ற ஆய்வாகும். டேவிட் ஸ்நோடன் என்ற ஆய்வாளர் 1986ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வாய்வில், 75 வயதைக் கடந்த 678 கத்தோலிக்க அருட்சகோதரிகள் பங்குபற்றினர். அவர்கள் புகைப்பவர்கள் அல்லர். ஒரே விதமான இல்லங்களில் வசித்து, ஒரே விதமான உணவை உண்டு, ஒரே விதமான வைத்திய வசதியைப் பெற்றவர்கள். ஆண்டுதோறும் பரிசோதனைக்கு உட்படவும், மரணத்தின் பின்னர் தமது மூளையை ஆய்வுக்கு வழங்கவும் அவர்கள் இணங்கினர்.

அவர்களில் பலர் துறவு வாழ்வில் நுழையும் தறுவாயில், இருபது வயதைச் சற்றுக் கடந்த நிலையில், தமது வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்திருந்தனர். அக்கையெழுத்துப் பிரதிகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. கருத்துச் செறிவோடு எழுதியிருந்தவர்களை விட, கருத்துக் குறைவாக எழுதியிருந்தவர்களே சுமார் அறுபது ஆண்டுகளின் பின்னர் நினைவுக் குறைபாட்டுக்குக் கூடுதலாக ஆளாகியிருந்தமை 1996இல் வெளியிடப்பட்டது. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், அவர்கள் அங்கு வருவதற்கு முன்னரே உருவாகியிருந்த வேறுபாடு இறுதிவரை தொடர்ந்தது.

மற்றொரு அருட்சகோதரியின் வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. 101 வயது வரை வாழ்ந்த அவர், இறக்கும் வரை நினைவுப் பரிசோதனைகளில் நல்ல புள்ளிகளைப் பெற்றுவந்தார். ஆனால் மரணத்தின் பின்னர் அவரது மூளையைப் பரிசோதித்தபோது, அல்ஸைமர் நோய்க்குரிய படிவுகளும் சிக்கல்களும் அதில் நிறைந்திருந்தன. நோய் மூளையில் இருந்தது, வாழ்க்கையில் வெளிப்படவில்லை. கல்வியாலும் தொழிலாலும் தொடர்ச்சியான மன உழைப்பாலும் மூளை ஒரு கையிருப்பைச் சேர்த்து வைக்கிறது என்றும், ஒரு பாதை அடைபட்டால் மறுபாதையால் அது தன் வேலையைச் செய்துகொள்கிறது என்றும் நிபுணர்கள் இதனை விளக்குகின்றனர். பஞ்ச காலத்துக்கு நெல்லைச் சேமிக்கும் குடும்பத்துக்கும் சேமிக்க வழியற்ற குடும்பத்துக்கும் இடையிலான வேறுபாடு போன்றதே இது. பஞ்சம் இரு வீடுகளுக்கும் வருகிறது. முதலில் வாடுவது ஒரு வீடு.

பரிசோதனையில் தேறியவை

பின்னணியை மாற்ற முடியாது. அறுபது வயதைக் கடந்த ஒருவர் தமது பதினொரு வயதுக்குத் திரும்பிச் செல்ல இயலாது. எனின் முதுமையின் வாசலில் நிற்போருக்கு என்ன வழி?

பின்லாந்தில் மியா கிவிபெல்ட்டோ தலைமையில் நடைபெற்று 2015இல் வெளியான ஆய்வு இக்கேள்விக்கு விடை தேடியது. 60 முதல் 77 வயது வரையான, இருதய நோய்க்கும் மறதி நோய்க்கும் ஆளாகும் வாய்ப்புக் கூடிய 1,260 பேர் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு வழமையான சுகாதார ஆலோசனை மாத்திரம் வழங்கப்பட்டது. மற்றக் குழுவினருக்கு உணவு ஒழுங்கு, உடற்பயிற்சி, மனப்பயிற்சி, குருதியமுக்கம் முதலியவற்றின் இடையறாத கண்காணிப்பு ஆகியன இரண்டு ஆண்டுகள் வழங்கப்பட்டன. இரு குழுவினருமே ஓரளவு முன்னேறினர். ஆயினும் இரண்டாவது குழுவினரின் ஒட்டுமொத்த அறிதிறன் முன்னேற்றம் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. திட்டமிடும் ஆற்றலிலும் சிந்திக்கும் வேகத்திலும் பயன் தெளிவாகத் தெரிந்தது. நினைவாற்றலை மாத்திரம் தனியே நோக்கியபோது வேறுபாடு அவ்வளவு தெளிவாக இல்லை. அமெரிக்காவில் 2,111 பேரிடம் நடத்தப்பட்டு 2025இல் வெளியான இதையொத்த ஆய்விலும், ஒழுங்கான வழிகாட்டலும் குழுவாகக் கூடும் வாய்ப்பும் பெற்றோர், தாமாகவே முயன்றோரைக் காட்டிலும் கூடிய முன்னேற்றம் கண்டனர். ஆனால் தாமாக முயன்றோரும் பின்தங்கிவிடவில்லை.

செவிப்புலன் பற்றிய ஆய்வும் கவனத்துக்குரியது. காது மந்தமான முதியவர்கள் 977 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், செவிப்புலன் கருவி வழங்கியமையால் எல்லோருக்கும் பொதுவான பயன் தென்படவில்லை. ஆனால் மறதிக்கு ஆளாகும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதலாக இருந்தவர்களிடம், மூன்று ஆண்டுகளில் அறிதிறன் குறையும் வேகம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. காது கேளாதவர் பேச்சைத் தவிர்க்கிறார். பேச்சைத் தவிர்ப்பவர் சபையைத் தவிர்க்கிறார். தனிமை மூளையை மந்தமாக்குகிறது. "கிழவருக்கு எதுவும் விளங்குவதில்லை" என்று நாம் சொல்லும் பலருக்கு விளங்காதிருப்பது அன்று பிரச்சினை, கேட்காதிருப்பதே பிரச்சினை.

லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024ஆம் ஆண்டில், மறதி நோய்க்குத் தூண்டுகோலாக அமையும் மாற்றக்கூடிய காரணிகள் பதினான்கைப் பட்டியலிட்டது. குறைந்த கல்வி, செவிப்புலன் குறைபாடு, கொலஸ்ட்ரோல், மனச்சோர்வு, தலைக்காயம், உடலுழைப்பின்மை, நீரிழிவு, புகைத்தல், உயர் குருதியமுக்கம், உடற்பருமன், மிகையான மதுபாவனை, சமூகத் தனிமை, வளி மாசு, சிகிச்சை பெறாத பார்வைக் குறைபாடு என்பனவே அவை. இவையனைத்தும் நீக்கப்பட்டால் உலகில் மறதி நோயின் 45 சதவீதத்தைத் தடுக்கவோ பிற்போடவோ முடியும் என அவ்வாணைக்குழு கணித்தது. எஞ்சிய பெரும்பகுதி வயதோடும் மரபோடும் இன்னும் அறியப்படாத காரணங்களோடும் தொடர்புடையது. எனவே நோய்வாய்ப்பட்ட ஒருவரை நோக்கி, ஒழுங்காக வாழ்ந்திருந்தால் இது வந்திராது என்று கூறுவது அறிவியலுக்கும் மனிதாபிமானத்துக்கும் பொருந்தாது.

எமது சூழலில்

இப்பட்டியலை வாசிக்கும்போது ஒன்று புலப்படும். இவற்றில் சிலவே தனிமனிதரின் விருப்பத்துக்குட்பட்டவை. குறைந்த கல்விக்கு ஒரு பிள்ளை பொறுப்பாகாது. தலைக்காயத்தையும் மனச்சோர்வையும் எவரும் விரும்பி ஏற்பதில்லை. ஆகவே முதுமையின் நினைவு என்பது தனிப்பட்ட ஒழுக்கம் பற்றிய விடயம் மட்டுமன்று; ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் எதை வழங்கியது, எதை மறுத்தது என்பதன் கணக்குமாகும்.

2012ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்களாக இருந்தனர். அந்த விகிதம் தொடர்ந்து உயர்ந்து வருகிறது. இன்று 80 வயதை அடைந்திருப்போர், 1945இல் இலவசக் கல்வி அறிமுகமான காலத்தை அண்டிப் பிறந்தவர்கள். சட்டத்தில் கல்வி இலவசமாயினும், அது எல்லோரையும் ஒரே காலத்தில் சென்றடையவில்லை. மலையகத் தோட்டப் பாடசாலைகள் 1970களிலேயே அரசாங்கத்தின் பொறுப்பில் எடுக்கப்பட்டன. வடக்கிலும் கிழக்கிலும் கூட, பருவமடைந்ததும் பாடசாலையில் இருந்து நிறுத்தப்பட்ட தமிழ், முஸ்லிம் பெண்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். கையிருப்பைச் சேர்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அதன் விளைவை அவர்கள் இன்று அனுபவிக்கிறார்கள். பாடசாலைக் கல்வியை அடிப்படையாகக் கொண்ட வினாக்களால் அவர்களைப் பரிசோதித்தால், நோயில்லாதவரும் நோயாளியாகத் தோன்றுவார் என்பதை வைத்தியர்களும் குடும்பத்தவரும் நினைவிற் கொள்ள வேண்டும். கணக்கு எழுதத் தெரியாத ஒரு தாய், பேரப்பிள்ளைகள் அனைவரதும் பிறந்த நட்சத்திரத்தையோ, ஊரின் உறவுமுறை முழுவதையுமோ பிழையின்றிச் சொல்வாராயின், அவரது நினைவைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

யுத்தத்தின் சுமையும் இதில் சேர்கிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் 181,093 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், போரின் அதிர்ச்சியால் ஏற்படும் மனநோய்க்கு உள்ளானோரில் 10.6 சதவீதத்தினரும், அவ்வாறு உள்ளாகாதோரில் 6.6 சதவீதத்தினரும் ஏழு ஆண்டுகளில் மறதி நோய்க்கு ஆளாகியிருந்தமை தெரியவந்தது. 1990இல் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 2004இல் கடற்கோளால் உறவுகளை இழந்தவர்களும், 2009 வரை இடம்பெயர்ந்து கொண்டே இருந்த தமிழ்க் குடும்பங்களும் இன்று முதுமையை அடைந்து கொண்டிருக்கின்றன. படைவீரர்களின் நிலையை அப்படியே இவர்களுக்குப் பொருத்த முடியாது. ஆயினும் அவர்களது மனத்துயரைக் கவனியாது விடுவது, நினைவையும் சேர்த்தே கைவிடுவதாக அமையலாம்.

இவற்றோடு நீரிழிவும் பெருகியுள்ளது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய ஆய்வின்படி இலங்கையில் வயது வந்தோரில் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவுக்கு உள்ளாகியிருந்தனர். அதன் பின்னர் நிலைமை மேலும் மோசமடைந்துள்ளது. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் மூளையின் நுண்ணிய குருதிக் கலன்களைச் சிறிது சிறிதாகப் பழுதாக்குகின்றன. பாரிசவாதம் வெளிப்படையாக வராமலேயே நினைவு குன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். நாற்பது வயதில் கட்டுப்படுத்தப்படாத குருதியமுக்கத்தின் விலை எழுபது வயதில் செலுத்தப்படுகிறது.

தனிமை பற்றியும் கூறியாக வேண்டும். பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் மத்திய கிழக்கிலும் வாழ, பெரிய வீட்டில் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் பெற்றோர் எமது ஊர்களில் எத்தனையோ பேர். ஆண்களுக்குப் பள்ளிவாசலும் கோயில் வீதியும் வாசிகசாலையும் சந்தியும் இருக்கின்றன. ஐவேளைத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடந்து செல்லும் முதியவருக்கு நடையும் கிடைக்கிறது, நாலு பேரின் முகமும் கிடைக்கிறது. வீட்டோடு முடங்கிய பெண்களுக்கு அத்தகைய இடம் மிகக் குறைவு.

செய்ய வேண்டியவை

முதலில், சாதாரண மறதியையும் நோயையும் வேறுபடுத்தி அறிதல் அவசியம். பெயர் ஒன்று உடனே வாய்க்கு வராமல் சற்று நேரத்தின் பின் நினைவுக்கு வருவது வயதின் இயல்பு. பழகிய வீதியில் வழி தவறுவதும், அடுப்பை அணைக்க மறந்து அதை மறந்ததையே மறப்பதும், பணக் கொடுக்கல் வாங்கலில் தடுமாறுவதும் அவ்வாறன்று. காலையில் உண்டதை நினைவுகூர இயலாத முதியவர், சிறுவயதில் மனனம் செய்த தேவாரத்தையோ திருக்குர்ஆன் சூராவையோ ஜெபத்தையோ தடங்கலின்றி ஓதுவதைக் கண்டு, அவருக்கு நோயில்லை என முடிவு செய்துவிடக் கூடாது. பழைய நினைவு நிலைத்திருக்கப் புதிய நினைவு பதியாது போவதே இந்நோயின் தொடக்க இயல்பு.

அதேபோல், திடீரென ஏற்படும் மறதியெல்லாம் மீளாத நோயுமன்று. தைரொயிட் சுரப்புக் குறைவு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சிறுநீர்த் தொற்று, தூக்க மாத்திரை முதலிய சில மருந்துகள் ஆகியவற்றாலும் நினைவு குழம்பலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. "வயது போய்விட்டது" என்று இருந்துவிட்டால் அந்தச் சிகிச்சை கிடைக்காமலே போய்விடும். ஆகவே மாற்றம் தென்பட்டதும் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே முறை.

நடுவயதினர் குருதியமுக்கத்தையும் சீனியின் அளவையும் ஒழுங்காகப் பரிசோதிப்பது, புகைப்பதை நிறுத்துவது, நாள்தோறும் நடப்பது ஆகியன செலவில்லாத முதலீடுகள். முதியவர்களுக்குக் காதும் கண்ணும் பரிசோதிக்கப்படுதல் வேண்டும். கண்புரைச் சத்திரசிகிச்சையையும் செவிப்புலன் கருவியையும் ஆடம்பரமாக எண்ணுதல் ஆகாது.

முதியோர் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் எம்மிடம் உண்டு. கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்களும் இயங்குகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை பொன்னாடை போர்த்தி மதிய உணவு வழங்குவதோடு அவற்றின் பணி முடிந்துவிடலாகாது. வாரந்தோறும் கூடி நடக்கவும், பேசவும், வாசிக்கவும், விரும்பியோர் ஒரு மொழியையோ கைத்தொழிலையோ கற்கவும் அவை களமாக வேண்டும். பெண்கள் தயக்கமின்றி வந்துசெல்லும் விதத்தில் அவை அமைவது இன்னும் முக்கியமானது. பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் தேவாலயங்களும் இதற்கு இடமளிக்க முன்வரலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று பாடசாலையில் இருந்து இடைவிலகும் ஒவ்வொரு பிள்ளையையும் இந்தக் கண்கொண்டு நோக்க வேண்டியுள்ளது. பொருளாதார நெருக்கடியால் வேலைக்கு அனுப்பப்படும் சிறுவனும், இளவயதில் திருமணம் செய்து வைக்கப்படும் சிறுமியும் இழப்பது ஒரு தொழில் வாய்ப்பை மட்டுமன்று. அறுபது ஆண்டுகளின் பின்னர் தம் பிள்ளைகளின் முகத்தை அடையாளம் காண்பதற்குத் துணைநிற்கும் கையிருப்பில் ஒரு பகுதியையும் அவர்கள் இழக்கிறார்கள். எமது முதியோரின் நினைவைக் காப்பதற்கு வைத்தியசாலைகள் அவசியமே. ஆனால் 2080களின் முதியோரது நினைவைக் காக்கும் பணி இன்றைய வகுப்பறைகளிலேயே தொடங்க வேண்டும்.